சாக மறுக்கும் கலங்கள்

புற்றுநோய் என்றால் என்ன என்று உயர்தர உயிரியல் வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “கலங்கள் கட்டுப்பாடில்லாமப் பிரியுறது, சேர்.” ஹட்டனில் கேட்டாலும் பண்டாரவளையில் கேட்டாலும் இதேதான். பிழையில்லை. ஆனால் அது பாதிக் கதை. சாக வேண்டிய நேரத்தில் கலங்கள் சாகாமல் இருந்துவிடுவது மற்றப் பாதி. (கலம் என்று நாங்கள் படிப்பதைத் தமிழ்நாட்டில் செல் என்பார்கள்.) இந்தக் கட்டுரை அந்த மற்றப் பாதியைப் பற்றியது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அப்போது ஆய்வு மாணவராகத்தான் இருந்தார் என்பதால் மாணவர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு.

முதலில், கலம் சாவது நோயல்ல. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு 5,000 கோடியிலிருந்து 7,000 கோடி வரையான கலங்கள் சாகின்றன, ஏறக்குறைய அதே அளவு புதிதாக உருவாகின்றன. குடலின் உட்பக்கப் படலம் சில நாட்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது எங்கள் கை முதலில் துடுப்புப் போலத்தான் உருவாகிறது. விரல்களுக்கு இடையில் இருந்த கலங்கள் செத்துப்போனதால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்தன. ஓடையில் நீந்தும் தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் அறுந்து விழுவதில்லை. வாலில் உள்ள கலங்கள் ஒவ்வொன்றாகத் தாமே இறந்து, உடம்பு அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது.

இப்படித் திட்டப்படி நடக்கும் சாவுக்கு அப்பொப்டோசிஸ் என்று பெயர். 1972இல் ஜோன் கெர், அன்ட்ரூ வைலி, அலஸ்டெயர் கரி என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தப் பெயர் முதன்முதலில் வந்தது. அடிபட்டு, சூடுபட்டு, இரத்த ஓட்டம் நின்று கலம் சாவது வேறு. அதை நெக்ரோசிஸ் என்பார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே தகரக் கூரை, பொதுச் சுவர், வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அது அந்த வீட்டோடு நிற்காது. பக்கத்து வீடும் எரியும், அதற்குப் பக்கத்து வீட்டின் சாமானும் புகையில் போகும். நெக்ரோசிஸ் இப்படித்தான். கலம் ஊதி வெடிக்கும், உள்ளே இருந்த நொதியங்களும் இரசாயனங்களும் வெளியே கொட்டும், சுற்றியுள்ள இழையம் சிவந்து வீங்கி அழற்சி வரும். அப்பொப்டோசிஸ் என்பது அதே லயத்தில் பழுதான ஒரு காம்பராவை மட்டும் ஆள் வைத்துக் கழற்றுவது. முதலில் கரண்டைத் துண்டிப்பார்கள், பிறகு தகரத்தை ஒவ்வொன்றாக இறக்குவார்கள், மரத்தை அறுத்துக் கட்டுவார்கள். பயன்படக்கூடியதை அக்கம்பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுச் சட்டிகூட அசையாது.

கலத்துக்குள் இந்தக் கழற்றும் வேலையைச் செய்பவை காஸ்பேஸ் என்ற நொதியங்கள். சாதாரண நேரத்தில் இவை செயலற்ற வடிவில் கிடக்கும். உத்தரவு வந்ததும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, கலத்துக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான புரதங்களைக் குறித்த இடத்தில் வெட்டத் தொடங்கும். கரு சுருங்கும், டிஎன்ஏ துண்டு துண்டாகும், கலம் முழுவதும் சிறு பொதிகளாகப் பிரியும். எல்லாப் பொதிகளும் மென்சவ்வால் மூடியே இருக்கும், எதுவும் வெளியே சிந்தாது. இதற்கிடையில் கலமென்சவ்வின் உட்பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டிய பொஸ்பற்றிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கத்துக்குப் புரளும். தின்குழியங்கள் அதைத் தொட்டறிந்து, பொதிகளை விழுங்கிவிடும். பெரும்பாலான சாவுகள் சில மணி நேரத்தில் சுவடில்லாமல் முடிந்துவிடுகின்றன. நுணுக்குக்காட்டியில் இத்தனை காலம் பார்த்தும் விஞ்ஞானிகள் இதைப் பெரிதாகக் கவனிக்காமல் விட்டதற்கு அந்தச் சுத்தமும் ஒரு காரணம்.

சரி, உத்தரவு போடுவது யார்? முதல் துப்பு ஒரு புழுவிடமிருந்து கிடைத்தது. ஒரு மில்லிமீற்றர் நீளம், கண்ணாடி போன்ற உடல், மண்ணில் வாழும் அந்தப் புழுவைச் சிட்னி பிரெனர் ஆய்வுக்குத் தெரிந்தெடுத்தார். ஜோன் சல்ஸ்டன் அதன் ஒவ்வொரு கலமும் எதிலிருந்து பிறக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் உட்கார்ந்து பின்தொடர்ந்தார். பொறுமைக்கு ஒரு பரிசு இருந்தால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். 1,090 உடற்கலங்கள் உருவாகின்றன, அவற்றில் 131 சாகின்றன, 959 மிஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131, அதே இடம், அதே நேரம். இவ்வளவு ஒழுங்காக நடப்பது தற்செயலாக இருக்க முடியாது. ரொபேர்ட் ஹோர்விட்ஸ் அந்தச் சாவுக்குப் பொறுப்பான பரம்பரையலகுகளை (ஜீன்களை) தேடிப் பிடித்தார். அவை பழுதான புழுக்களில் அந்த 131 கலங்களும் சாகாமல் உயிரோடு இருந்தன. மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். 1980களின் நடுப்பகுதியில் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றி ஆராய்ந்தவர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். நோயாளிகள் பலரின் புற்றுக் கலங்களில் 14ஆம் நிறமூர்த்தமும் (குரோமோசோம்) 18ஆம் நிறமூர்த்தமும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டிய இடத்தில் இருந்த பரம்பரையலகுக்கு பிசிஎல்-2 என்று பெயர் வைத்தார்கள். அது அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. அதுவரை தெரிந்திருந்த புற்றுநோய்ப் பரம்பரையலகுகள் எல்லாம் கலத்தைப் பிரியச் சொல்லித் துரத்துபவை. ஆகவே இதுவும் அந்த ரகம்தான் என்று எண்ணுவது இயல்பு.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் உள்ள வோல்டர் அன்ட் எலைசா ஹோல் ஆய்வு நிலையத்தில் டேவிட் வோக்ஸ் என்ற ஆய்வு மாணவர், சுசான் கோரி, ஜெரி அடம்ஸ் ஆகியோரோடு சேர்ந்து இதைச் சோதித்தார். பரிசோதனை மிக எளிமையானது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். எலியின் குருதிக் கலங்களை உருவாக்கும் வகையைச் சேர்ந்த கலங்களை எடுத்துக்கொண்டார்கள். இவை இன்டர்லூக்கின்-3 என்ற வளர்ச்சிக் காரணி இருந்தால்தான் உயிரோடு இருக்கும். வைரசு ஒன்றின் மூலம் பிசிஎல்-2ஐ இந்தக் கலங்களுக்குள் புகுத்தினார்கள். புகுத்தியதும் கலங்கள் வேகமாகப் பிரிந்தனவா? இல்லை. பிறகு இன்டர்லூக்கின்-3ஐ நிறுத்தினார்கள். சாதாரணக் கலங்கள் சீக்கிரமே செத்துவிட்டன. பிசிஎல்-2 உள்ள கலங்கள் பிரியவும் இல்லை, சாகவும் இல்லை. வாரக்கணக்கில் சும்மா உயிரோடு இருந்தன.

பார்க்கப்போனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பாத்திரத்தில் கலங்கள் செத்தன, இன்னொன்றில் சாகவில்லை, அவ்வளவுதான். ஆனால் 1988இல் நேச்சர் சஞ்சிகையில் அது வெளியானபோது புற்றுநோயைப் பற்றிய எண்ணமே மாறத் தொடங்கியது. ஒரு பரம்பரையலகு கலத்தைப் பெருக்காமல், சாவைத் தடுப்பதன் மூலம் மட்டுமே புற்றுநோய்க்கு வழிவிடலாம் என்று முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான். அந்த நிணநீர்ப் புற்றுநோய் ஏன் ஆண்டுக்கணக்கில் மெதுமெதுவாக வளர்கிறது என்பதற்கும் அதில் பதில் இருந்தது. அந்தக் கலங்கள் அவசரப்படவில்லை. சாக வேண்டியவை சாகாததால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. மிக் என்ற பரம்பரையலகு கலத்தைப் பிரியத் தூண்டும், ஆனால் அப்படித் தூண்டப்படும் கலங்கள் சுலபமாகச் சாகவும் செய்யும் (இது சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது). மிக், பிசிஎல்-2 இரண்டும் ஒரே கலத்தில் சேர்ந்தால் ஒன்று பெருக்கும், மற்றது சாவைத் தடுக்கும். இரண்டையும் சேர்த்துக்கொண்டு பிறந்த எலிகளுக்கு மிக விரைவில் புற்றுநோய் வந்ததை அதே நிலையத்தார் 1990இல் காட்டினார்கள். மாணவர்கள் சொல்லும் அந்த “கட்டுப்பாடில்லாமப் பிரியுறது” தனியாக நின்றால் உடம்பு அநேகமாகச் சமாளித்துவிடும். சாவும் தடைப்பட்டால்தான் கதை மாறும்.

வோக்ஸ் பின்னர் அமெரிக்காவில் வேலை செய்தபோது மனிதரின் பிசிஎல்-2ஐ அந்தப் புழுவுக்குள்ளேயே புகுத்திப் பார்த்தார்கள். சாக வேண்டிய புழுக் கலங்களில் ஒரு பகுதி சாகாமல் தப்பித்தது. மனிதரும் புழுவும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன உறவு, ஆனாலும் சாவை நடத்தும் பொறிமுறை அடிப்படையில் ஒன்றே என்பது 1992இல் அப்படித்தான் உறுதியானது.

பிசிஎல்-2 எப்படித் தடுக்கிறது? அது இருப்பது கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் (மைட்டோகொண்ட்ரியா) வெளிமென்சவ்வில். சாவுக்கான உத்தரவு வந்ததும் பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் அந்த மென்சவ்வில் துளை போடும். துளை வழியாக சைட்டோகுரோம் சி கசிந்து வெளியே வரும். அது வந்ததும் காஸ்பேஸ்கள் விழித்துக்கொள்ளும். சுவாசம் படிக்கும்போது இலத்திரன் கடத்தல் சங்கிலியில் மனப்பாடம் செய்தோமே, அதே சைட்டோகுரோம் சிதான்! உயிர் வாழ வைக்கும் மூலக்கூறே இடம் மாறினால் சாவுக்குத் தூண்டுகோலாகிறது. 1996இல் சியாவோடோங் வாங் குழுவினர் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லையாம், நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பிசிஎல்-2 செய்வது இதுதான்: பாக்ஸையும் பாக்கையும் துளை போட விடாமல் பிடித்துவைப்பது.

உத்தரவு கலத்துக்கு வெளியிலிருந்தும் வரலாம், உள்ளிருந்தும் வரலாம். உள்ளிருந்து வருவதில் முக்கியமான பெயர் பி53. இந்தப் புரதம் 1979இல் கண்டுபிடிக்கப்பட்டது. டிஎன்ஏ சேதமானால் பி53இன் அளவு கூடும். சேதம் சிறிதாக இருந்தால் பிரிவை நிறுத்தித் திருத்த நேரம் கொடுக்கும். திருத்த முடியாத சேதம் என்றால் அந்தக் கலத்தைச் சாகச் சொல்லும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53இன் பரம்பரையலகே விகாரமடைந்திருக்கிறது என்பதிலிருந்து இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொள்ளலாம். கண்டிப் பெரஹராவில் போகும் யானையைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் புரதம்தான் ஞாபகம் வரும். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு கலங்கள், நீண்ட ஆயுள். கணக்குப்படி யானைக்கு எங்களைவிடப் பல மடங்கு புற்றுநோய் வர வேண்டும். ஆனால் வருவது குறைவு. எங்களிடம் பி53 பரம்பரையலகு ஒரு சோடிதான், யானையிடம் ஏறத்தாழ இருபது சோடி இருப்பதாக 2015இல் கண்டார்கள். டிஎன்ஏ சேதமான யானைக் கலம் திருத்திக்கொண்டிருக்காமல் சட்டென்று செத்துப்போகிறது.

இனி எங்கள் ஊர் விசயம். மலையகத்தில் அடிக்கடி கேள்விப்படும் இரண்டு புற்றுநோய்களுக்கு இந்தக் கதையோடு நேரடித் தொடர்பு இருக்கிறது.

ஒன்று கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். எச்பிவி என்ற வைரசுதான் அதற்குக் காரணம் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரசு செய்யும் வேலை சரியான தந்திரம். வைரசு புகுந்த கலம் பி53இன் உத்தரவால் செத்துவிட்டால் வைரசும் சேர்ந்து அழியும். ஆகவே எச்பிவி ஈ6 என்ற ஒரு புரதத்தை உருவாக்குகிறது. அது பி53ஐப் பிடித்து, கலத்தின் சொந்தக் கழிவகற்றும் பொறிமுறையிடமே கொடுத்துச் சிதைத்துவிடுகிறது. பரம்பரையலகு நன்றாகவே இருக்கிறது, புரதமும் உருவாகிறது, ஆனால் நிற்பதில்லை. உத்தரவு போட ஆளில்லாத கலம் சேதத்தோடு பிரிந்துகொண்டே போகும். இலங்கையில் 2017 முதல் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். “பத்து வயசுப் பிள்ளைக்கு இது எதுக்கு?” என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. வைரசு உடம்புக்குள் வரும் முன்பே போட்டால்தான் பலன், அதற்காகத்தான் அந்த வயது. ஊசி போடாத தலைமுறைக்கு 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில், கருப்பைக் கழுத்துக் கலங்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனை இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள். கிளினிக் நாளில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போய்விடும் என்று அக்காமார் தள்ளிப்போடுவதும் தெரிந்ததுதான்.

மற்றது வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். தோட்டத்தில் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் வெற்றிலை போடுகிறோம். கொழுந்து மலையில் மழைக் குளிருக்கும் பசிக்கும் அது ஒரு துணை, அதை நான் மறுக்கவில்லை. அறிவுரை சொல்ல வருபவர்கள் அந்த மலையில் ஒரு நாள் கூடை சுமந்தால் வேறு மாதிரிப் பேசுவார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “பொயிலை சேக்காம வெறும் வெத்தல பாக்குத்தானே, ஒன்னும் ஆகாது” என்ற நம்பிக்கை பிழை. பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004இல் அறிவித்துவிட்டது. கன்னத்தில் அடக்கிவைக்கும் பாக்கிலும் புகையிலையிலும் இருந்து வரும் இரசாயனங்கள் அந்த இடத்துக் கலங்களின் டிஎன்ஏயைத் திரும்பத் திரும்பச் சேதப்படுத்துகின்றன. சேதமான கலங்களைப் பி53 சாகடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அந்தச் சேதம் பி53இன் பரம்பரையலகிலேயே விழுந்தால் அந்தக் கலம் தப்பித்துவிடும்.

வாய்க்குள் துடைத்தும் போகாத வெள்ளைப் படை, சிவந்த படை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் ஆஸ்பத்திரியில் பல் டொக்டரிடம் காட்ட வேண்டும். இன்னொரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம்: நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் கன்னத்தின் உட்பக்கம் இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்குப் போடுபவர்களுக்கு வரும், புற்றாக மாறக்கூடிய நிலை அது. புற்று ஆவதற்கு முன்பே பார்த்தால் மஹரகம, கண்டி என்று புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு அலைய வேண்டி வராது.

சிகிச்சைக்கு வருவோம். ரேடியேசனும் பெரும்பாலான கீமோ மருந்துகளும் கலத்தின் டிஎன்ஏயைச் சேதப்படுத்துகின்றன, சேதமான கலம் தானே அப்பொப்டோசிஸால் சாகிறது. தலைமயிர் வேரில் உள்ள கலங்களும் வாய்க்குள் உள்ள கலங்களும் வேகமாகப் பிரிபவை, அவையும் அதே உத்தரவுக்குப் பணிந்து சாவதால்தான் மயிர் கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. பி53 இல்லாத புற்றுக் கலமோ சேதத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. மருந்து சிலருக்குக் கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கட்டு அனோதா (முள்ளுச் சீத்தா) இலை புற்றுக் கலத்தை அப்பொப்டோசிஸ் செய்யவைக்கிறது, மஞ்சள் செய்யவைக்கிறது என்று “விஞ்ஞானிகள் நிரூபித்த” செய்திகள் வாரம் தவறாமல் வருகின்றன. முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. ஆய்வுகூடப் பாத்திரத்தில் வளரும் கலத்தின்மேல் எதை ஊற்றினாலும், போதிய அளவு ஊற்றினால், அது சாகும். உப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினாலும் சாகும். கேள்வி அதுவல்ல. வாயால் குடித்தது குடல் தாண்டி, ஈரல் தாண்டி, அந்த அளவில் கட்டியைப் போய்ச் சேருமா, சேர்ந்தாலும் நல்ல கலத்தை விட்டுவிட்டுப் புற்றுக் கலத்தை மட்டும் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. கிளினிக்கை விட்டுவிட்டு இலைக் கசாயத்தை நம்பி மாதங்களைக் கழித்தவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பிசிஎல்-2ஐ மட்டும் குறிவைக்கும் மருந்து வர நீண்ட காலம் பிடித்தது. அதன் பெயர் வெனிட்டோகிளக்ஸ், வில்லை வடிவில் விழுங்குவது. பிசிஎல்-2 புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. சாவுக்கான செய்தியைக் கொண்டுவரும் புரதங்களை அது பிடித்துவைப்பது அந்தப் பள்ளத்தில்தான். மருந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிபட்டிருந்தவை விடுபட்டு, இழைமணியில் துளை விழும். 1988இல் அந்தப் பரிசோதனை நடந்த அதே மெல்பேர்ன் நிலையத்தின் பங்களிப்போடு உருவான இந்த மருந்துக்கு, நாட்பட்ட நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்காக 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த வகையில் பி53 பரம்பரையலகு இருக்கும் நிறமூர்த்தத் துண்டே தொலைந்துபோயிருக்கும், அதனால் பழைய மருந்துகள் சரியாகக் கேட்காது. இந்த மருந்தோ பி53ஐக் கேட்காமலே நேராக இழைமணியிடம் போகிறது.

மருந்து கேட்கும் வேகமே ஆபத்தாகலாம். ஒரே நேரத்தில் கோடானுகோடிக் கலங்கள் இறந்தால் தின்குழியங்களால் அள்ளி முடியாது. கலங்களுக்குள் இருந்த பொற்றாசியமும், அவற்றின் டிஎன்ஏ சிதைந்து உண்டாகும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். அதனால் முதல் வாரம் 20 மில்லிகிராம், அடுத்த வாரம் 50, பிறகு 100, 200 என்று ஏற்றி, ஐந்தாம் வாரத்தில்தான் 400க்குப் போவார்கள். இடையில் இரத்தப் பரிசோதனை, நிறையத் தண்ணீர்.

அப்படியானால் எல்லாப் புற்றுநோய்க்கும் இதைக் கொடுக்கலாமே? முடியாது. வாய், மார்பு, குடல் போன்ற இடங்களில் வரும் கட்டிகள் பெரும்பாலும் பிசிஎல்-2ஐ மட்டும் நம்பியிருப்பதில்லை. அதன் உறவுப் புரதங்களான எம்சிஎல்-1, பிசிஎல்-எக்ஸ்எல் இரண்டும் அங்கே காவலுக்கு நிற்கின்றன. எம்சிஎல்-1ஐத் தடுத்துப் பார்த்தபோது இதயம் பாதிக்கப்படும் அறிகுறிகள் தெரிந்ததால் சில பரிசோதனைகளை நிறுத்த வேண்டி வந்தது. பிசிஎல்-எக்ஸ்எல்லைத் தடுத்தால் குருதிச் சிறுதட்டுகள் சரசரவென்று குறைகின்றன, ஏனென்றால் அவை உயிரோடிருப்பதே அந்தப் புரதத்தால்தான். டெங்கு வந்த வீட்டில் பிளேட்லட் கவுண்ட் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது சில ஆய்வுகூடங்கள் பிசிஎல்-எக்ஸ்எல்லைத் தடுப்பதை விட்டு, அதைக் கலத்தின் கழிவகற்றும் பொறிமுறையிடம் கொடுத்துச் சிதைக்கும் மருந்துகளைச் சோதிக்கின்றன. சிறுதட்டுகளில் அந்தப் பொறிமுறையின் ஒரு பகுதி மிகக் குறைவு, ஆகவே அவை தப்பித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. எச்பிவி வைரசு பி53க்குச் செய்த அதே வேலையை, இந்தத் தடவை புற்றுக் கலத்துக்கு எதிராகச் செய்து பார்க்கிறார்கள்.